மோட்டாரின் முதுகில் மூன்று புள்ளி

கட்டைவிரலுக்குத்தான் முதலில் தெரிந்தது, கண்ணுக்கு அப்புறம்தான். மோட்டாரின் முதுகில், வயர் உள்ளே போகிற ஓட்டைக்குப் பக்கத்தில், மூன்று புள்ளி. ஒரே வரிசையில், ஆணிமுனை அளவுக்குச் சின்னச் சின்னக் குழி. விரலை எடுக்காமல் அப்படியே வைத்துக்கொண்டேன். எடுத்தால் கண் பார்த்துவிடும், கண் பார்த்தால் வாய் சொல்லியாக வேண்டும், வாய்க்கு இன்றைக்கு ஏனோ முடியவில்லை. மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம் என் மேஜைக்கு வந்த முதல் ரோபோ இது. கல்லூரி உள்விளையாட்டு அரங்கின் ஓரத்தில் மேஜை போட்டு, ‘பரிசோதனை’ என்று அட்டை ஒட்டி, என் கழுத்தில் ‘மரகதம், பரிசோதகர்’ என்று இன்னொரு அட்டையை மாட்டி உட்காரவைத்திருக்கிறார்கள். காலையிலிருந்து பிள்ளைகள் கொண்டுவருகிற ரோபோக்களைத் தூக்கிப் புரட்டிப் பார்த்ததில் தோள்பட்டை விண்விண் என்கிறது. மேலே தகரக் கூரை தகிக்கிறது, ஒலிபெருக்கியில் யாரோ அடுத்த ஆட்டம் அடுத்த ஆட்டம் என்று கத்திக்கொண்டே இருக்கிறார்கள், தக்காளி சாதம் நெஞ்சிலேயே நிற்கிறது. எதிரில் இரண்டு பெண்கள், பத்தாவதோ பதினொன்றாவதோ படிக்கிறவர்கள், நீல டீஷர்ட்டில் ‘தட்டான்’ என்று அணியின் பெயர். நான் பச்சை ஸ்டிக்கர் ஒட்டினால் அடுத்த ஆட்டத்தில் இறங்குவார்கள். சிவப்பு ஒட்டினால் இல்லை. விதி ஒன்றும் புரியாத பாஷையில் எழுதியிருக்கவில்லை. மோட்டார் கெட்டால் வெளியே இருக்கும் வயரை மாற்றலாம், வயரின் முனையை மாற்றலாம், பல்சக்கரத்தை மாற்றலாம். உறையை மட்டும் திறக்கக் கூடாது. எந்தக் காரணத்துக்காகவும் கூடாது. திறந்து, சரிசெய்து, இருந்த மாதிரியே மூடியிருந்தாலும் அது திறந்த மோட்டார்தான்.

வேறு ஊர்க்காரர் யாராவது இந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தால் இந்தப் புள்ளிகளைக் கம்பெனிக் குறி என்று நினைத்துத் தாண்டிப் போயிருப்பார். என் கெட்ட நேரம், நான் கோயமுத்தூர்க்காரி, பம்ப்செட் கம்பெனியில் வேலை பார்க்கிறவள். ஆவாரம்பாளையம் பக்கம் வீட்டுக்குள் உட்கார்ந்து மோட்டாருக்குக் கம்பிக் காயில் சுற்றுகிற பெண்களை எனக்குத் தெரியும். மிக்ஸி மோட்டார், கிரைண்டர் மோட்டார் என்று எரிந்துபோனதையெல்லாம் கடைக்காரர் கொண்டுவந்து கொடுப்பார். இவர்கள் கருகின கம்பியைப் பிய்த்தெடுத்துப் புதுக் கம்பி சுற்றி, வார்னிஷில் முக்கிக் காயவைத்து, மூடித் திருப்பிக் கொடுப்பார்கள். கொடுப்பதற்கு முன்னால் உறையில் தன் குறியைக் குத்திவிட வேண்டும். ஒரு வீட்டுக்கு ஒற்றைக் கோடு, ஒரு வீட்டுக்குச் சின்ன வளைவு, ஒரு வீட்டுக்கு மூன்று புள்ளி. மோட்டார் திரும்பி வந்தால் இது யார் கை என்று தெரியணும், நான் சுற்றினது இல்லை என்று யாரும் நழுவிவிடக் கூடாது. குறி குத்தாமல் மோட்டாரைக் கொடுப்பது அந்தத் தெருவில் மொட்டைக் கடுதாசி போடுகிற மாதிரி மட்டமான காரியம். மற்றபடி இந்த மோட்டாரில் வேலை சுத்தம். உறையின் வாயை மடித்துப் பிடித்திருக்கும் இரண்டு தகரக் காதுகளைத்தான் நாங்கள் முதலில் பார்ப்போம். நிமிர்த்தித் திரும்ப மடித்தால் மடித்த இடம் வெளுத்துவிடும். இதில் வெளுக்கவில்லை. சுத்தியலால் தட்டாமல் மரக்கட்டையை வைத்து மெதுவாக அழுத்தி மடித்திருப்பார்கள் போல. மூக்கருகே கொண்டுபோனால் மட்டும் கொஞ்சம் வார்னிஷ் வாசம், அதுகூட எனக்கு ஜலதோஷம் என்று சொல்லிக்கொண்டால் தீர்ந்தது. இவ்வளவு பாடுபட்டு மறைத்துவிட்டுக் கடைசியில் பழக்கதோஷத்தில் கை தானாகப் போய்க் குறி குத்தியிருக்கிறது. களவுக்குப் போன வீட்டில் விலாசம் எழுதிவைத்துவிட்டு வந்த மாதிரி. சிரிப்பு வந்தது. சிரிப்பு வந்த இடத்திலேயே வயிற்றில் அந்த இழுப்பும் வந்தது, வலது பக்கம், தொப்புளுக்குக் கீழே. நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

“மேடம், சீக்கிரம் பாத்துக் குடுத்தீங்கன்னா நல்லாருக்குங். எங்களைக் கூப்பிட்டுட்டாங்கன்னா ஓடோணும்” என்கிறாள் இரண்டு பெண்களில் வாயாடியான கனிஷ்கா. வந்ததிலிருந்து இவள் வாய் மூடவில்லை. சக்கரத்துக்கு நாலு மோட்டாருங், கைக்கு ரெண்டு மோட்டாருங், கை தூக்கறதப் பாத்தீங்கன்னா அசந்துருவீங், நேத்து எல்லா டீமும் எங்களத்தான் வந்து பாத்தாங்கங். அதிகம் பேசுகிறவர்களை எனக்கு வேலையிடத்தில் நன்றாகப் பழக்கம். மோட்டாரைத் திறந்துவிட்டு வாரண்டி கேட்டு வருகிறவர்கள் இப்படித்தான் வாசலிலிருந்தே பேசிக்கொண்டு வருவார்கள். ஆனால் இன்னொருத்தி, பூவிழி என்று டீஷர்ட்டின் தோளில் எழுதியிருக்கிறது, ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை, ரோபோவைப் பார்க்கவில்லை, என் கட்டைவிரலை மட்டும் பார்த்துக்கொண்டிருக்கிறாள். விரல் நுனியெல்லாம் அவளுக்குச் சின்னச் சின்ன வெட்டு, மெல்லிய கம்பியை இழுத்துச் சுற்றுகிறவர்களுக்கு வருகிற வெட்டு. அப்படியென்றால் இவள் கைதான். இவளுக்குத் தெரிந்துவிட்டது. எனக்குத் தெரிந்துவிட்டது என்றும் இவளுக்குத் தெரிந்துவிட்டது. நாங்கள் இருவரும் சேர்ந்து அந்தக் குழிகளை விரலால் மூடிக்கொண்டிருக்கிறோம், நடுவில் கனிஷ்கா கை எப்படித் தூக்கும் என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

கம்பெனியில் என் பகுதிக்கு ‘திரும்பி வந்த சரக்கு’ என்று பேர். வாரண்டிக்குள் கெட்டுப்போன மோட்டார்கள் வந்து இறங்கும். என் வேலை ஒரே ஒரு கேள்விக்குப் பதில் சொல்வது, வெளியே யாராவது திறந்தார்களா இல்லையா. திறக்கவில்லை என்றால் உள்ளே அனுப்புவேன், சரிசெய்து கொடுப்பார்கள். திறந்திருந்தால் சிவப்பு ஸ்டிக்கர். திருகாணித் தலையில் ஒரு கீறல் போதும், இரண்டு உறை சேருகிற இடத்தில் பெயிண்ட் கோடு ஒரு மயிரிழை விலகியிருந்தால் போதும். கல்யாணம் ஆகி வந்த வருஷத்திலிருந்து இதையேதான் செய்கிறேன். பூதக்கண்ணாடிக்காரி என்று முதுகுக்குப் பின்னால் பேர். வீட்டில் பருப்பு டப்பாவை யார் திறந்தாலும் எனக்குத் தெரியும் என்று சென்னியப்பன், என் வீட்டுக்காரர், ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பார். இந்தக் கண்ணுக்காகத்தான் போட்டி நடத்துகிறவர்கள் கம்பெனியில் கேட்டு என்னைக் கூட்டி வந்து உட்காரவைத்திருக்கிறார்கள். திறந்திருக்குதுங்க, எடுத்துட்டுப் போங்க. எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன். சண்டை போடுவார்கள், கெஞ்சுவார்கள், அமைச்சரைத் தெரியும் என்பார்கள், ஒருவர் என் காலில்கூட விழப் போனார். நான் குரலை உயர்த்தியதே கிடையாது. உயர்த்த வேண்டிய அவசியமே இல்லை, திறந்தது திறந்ததுதான். ஒரு தடவை திறந்த எதுவும் பழைய மாதிரி மூடாதுங்க, பாருங்க இந்தக் கோட்டை, ஒட்டலை பாருங்க. இதையும் சொல்வேன். நானாகச் சேர்த்துக்கொண்ட வசனம் அது. சொல்லிச் சொல்லி நாக்குக்குப் பழகிப்போய், அர்த்தம் போய், தும்மல் மாதிரி வந்துகொண்டிருந்தது.

போன வாரம்தான் அதற்குத் திரும்ப அர்த்தம் வந்தது. அந்த டாக்டர் சின்னப் பெண், என் மகன் வயதுகூட இருக்காது, ஸ்கேன் படத்தைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு, கட்டி இருக்குதுங்கம்மா, இவ்வளவு சைஸ், நல்ல கட்டியா கெட்ட கட்டியான்னு திறந்து பார்த்தாத்தான் சொல்ல முடியும் என்றாள். திறந்து பார்த்தாத்தான். நான் அவள் வாயையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வெளியே வந்ததும் சென்னியப்பன், இப்பல்லாம் மூணாம் நாளே எந்திருச்சு நடக்கறாங்க, என்ன இப்ப, என்று சொல்லிவிட்டு ஆஸ்பத்திரி கேண்டீனில் இரண்டு போண்டா சாப்பிட்டார். அவர் மேல் தப்பில்லை, பயந்தால் அவருக்குப் பசிக்கும். எனக்குத்தான் தூக்கம் போயிற்று. படுத்துக்கொண்டு வயிற்றைத் தடவிப் பார்ப்பேன். இங்கே இருந்து இங்கே வரை கோடு வரும். மூடும்போது இருந்த மாதிரியே மூடுவார்களா. கோடு ஒட்டுமா. திறந்து பார்த்துவிட்டு ஒன்றும் செய்யாமல் அப்படியே மூடிவிட்டார்கள் என்று பக்கத்து வீட்டில் ஒருத்திக்குச் சொன்னார்களே, அந்த மாதிரி ஆகிவிட்டால். என் வாயால் ஊருக்கெல்லாம் சொன்னது சுற்றி வந்து என் வயிற்றிலேயே நிற்கிறது. வியாழக்கிழமை இடம் இருக்கிறது, வருகிறீர்களா என்று ஆஸ்பத்திரியிலிருந்து நேற்றும் கூப்பிட்டார்கள், இன்று காலையும் கூப்பிட்டார்கள். எடுக்கவில்லை. போட்டியில் வேலையாக இருந்தேன் என்று நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம். எனக்குப் பயமாக இருக்கிறது, அவ்வளவுதான் விஷயம், அதை யாரிடமும் சொல்லவில்லை.

விரலுக்கு அடியில் மூன்று புள்ளியும் சூடாகிவிட்டன. இப்படியே விரலை வைத்துக்கொண்டு இடது கையால் பச்சை ஸ்டிக்கரை எடுத்து ஒட்டிவிட்டால் என்ன? கண் பார்க்கவே இல்லையே. யாருக்குத் தெரியப் போகிறது. பிள்ளைகள். ஆசையாகச் செய்துகொண்டு வந்திருக்கிறார்கள். கம்பெனி மோட்டாரா, ஏதோ விளையாட்டு. என்று நினைக்கும்போதே என் புத்தி என்னை விடாது. இந்த விதி சும்மா எழுதினது இல்லை மரகதம், உனக்கே தெரியும். உள்ளே கம்பியைக் கொஞ்சம் தடிமனாகப் போட்டு, சுற்றைக் கொஞ்சம் குறைத்தால் போதும், வேகம் எகிறிவிடும். வெளியிலிருந்து ஈசனே வந்து பார்த்தாலும் கண்டுபிடிக்க முடியாது. அப்புறம் யார் வீட்டில் வைண்டிங் தெரிந்த ஆள் இருக்கிறாரோ அவர்கள் பிள்ளைதான் ஜெயிக்கும். மற்றப் பிள்ளைகள் வாயில் விரலை வைத்துக்கொண்டு போகணும். எல்லாருக்கும் ஒரே மோட்டார் என்றால்தானே போட்டி. காலையில் ஒரு பெரிய பள்ளிக்கூடத்துப் பையன்கள் வந்தார்கள், அவர்கள் மோட்டாரில் ஒரு தகரக் காது வெளுத்திருந்தது, நான் யோசிக்கவே இல்லை, சிவப்பு. அவர்கள் வாத்தியார் குதித்தார். வெளியே இருக்கிற வயரைத்தான் சார் தொடலாம் என்று விதியைக் காட்டி அனுப்பினேன். அவர்களிடம் காட்டின முகத்தை இந்தப் பெண்களிடம் காட்டாமல் விட்டால் அது என்ன நியாயம். இவர்கள் கை நம்ம ஊர்த் தெருவின் கை என்பதாலா. குறி குத்துகிற அளவுக்கு நேர்மை இருக்கிறதே என்பதாலா. அல்லது திறந்ததைத் திறக்கவில்லை என்று ஒரு தடவையாவது சொல்லிப் பார்க்கணும் என்று எனக்கே இருக்கிறதா, வியாழக்கிழமைக்குள்.

பல்லடத்திலிருந்து ஒருவர் வந்தார், கோழிப்பண்ணைக்காரர். எப்போதோ நடந்தது, இப்போது ஏன் ஞாபகம் வருகிறது. சித்திரை வெயில், மோட்டார் எரிந்துபோய் தொட்டிக்குத் தண்ணீர் ஏறவில்லை, கம்பெனி மெக்கானிக் நாளைக்கு வருகிறேன் என்றாராம். நாளைக்கு வரைக்கும் கோழி தாங்குமா? பக்கத்துக் கடையில் கொடுத்துத் திறந்து சுற்றி ஓட்டியிருக்கிறார். ஓடியிருக்கிறது. அப்புறம் பல நாள் கழித்து வேறு எதுவோ கெட்டு என்னிடம் கொண்டுவந்தார். சிவப்பு ஒட்டினேன். அவர் சண்டை போடவில்லை. “சரிங்க, திறந்தது வாஸ்தவந்தானுங்க. ஆனா ஓடுச்சுங்களே, அதை எங்கீங்க எழுதுவீங்க?” என்று கேட்டார். அதை எழுத இடம் இல்லை என்றேன். உண்மையிலேயே இடம் இல்லை. திறந்த மோட்டாரை எங்கள் டெஸ்ட் பெஞ்சில் ஏற்றவே கூடாது, அது கம்பெனி விதி. ஏற்றினால் நாம் பொறுப்பு எடுத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடும். அதனால் பாருங்கள், இத்தனை வருஷத்தில் திறந்த மோட்டாரைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன், ஒன்றுகூட ஓடிப் பார்த்ததில்லை. திறந்தது பழைய மாதிரி மூடாது என்று எனக்குத் தெரியும். மூடினதுக்கு அப்புறம் அது ஓடுமா ஓடாதா, எப்படி ஓடும், எவ்வளவு நாள் ஓடும், எனக்குத் தெரியவே தெரியாது. இதை இப்போதுதான் நினைத்துப் பார்க்கிறேன். தெரியாத ஒன்றைத்தான் இத்தனை காலமாக அவ்வளவு தைரியமாகச் சொல்லிக்கொண்டிருந்தேனா.

கைப்பேசி மேஜையில் நடுங்குகிறது. ஆஸ்பத்திரி எண். இடது கையால் திருப்பி வைத்தேன். “பேசுங்க மேடம், நாங்க நிக்கறோம்” என்கிறாள் கனிஷ்கா, மரியாதையான பெண். ஒலிபெருக்கி ‘தட்டான் அணி தயாராகவும்’ என்கிறது. கனிஷ்கா துள்ளுகிறாள். பூவிழி அசையவில்லை. அவள் உதடு காய்ந்திருக்கிறது. என் உதடும் அப்படித்தான் காய்ந்தது டாக்டர் முன்னால். போதும். எவ்வளவு நேரம் ஒரு பிள்ளையை இப்படி நிறுத்திவைப்பது, சொல்லப் போகிறதைச் சொல்லாமல் வைத்திருப்பதுதான் இருப்பதிலேயே கொடுமை. விரலை எடுத்தேன்.

“இது யாரு குறி கண்ணு?” என்றேன்.

கனிஷ்கா குனிந்து பார்த்தாள். முகம் மாறிவிட்டது. “அடிப்பாவி, குறி குத்துனியாடி? அவ்வளவு சொன்னேனேடி!”

“குத்தாம எப்படிடீ குடுக்கறது?” என்றாள் பூவிழி. அவளுக்கு உண்மையிலேயே புரியவில்லை. பிறகு என்னிடம் திரும்பி, “எங்கம்மா குறிங்க. நாந்தாஞ் சுத்துனேன்” என்றாள்.

“விதியப் படிச்சீங்களா?”

“படிச்சோம்ங்.”

“அப்புறம்?”

“நேத்து ஓட்டிப் பாக்கறப்பப் புகைஞ்சுருச்சுங்க. ஸ்பேர் மோட்டாரும் போன வாரமே போயிருச்சு. இங்க போட்டிக் கவுண்டர்ல கேட்டா தீந்துபோச்சுன்னாங்க. எரிஞ்ச மோட்டாரைக் கையில வெச்சுட்டுச் சும்மா உக்கார முடியலீங்க மேடம்.” விரலை நீட்டி மோட்டாரைக் காட்டினாள். “ஒரு சுத்துக்கூடக் கொறைக்கலீங்க. பழசுல இருந்ததை எண்ணி எண்ணித்தான் சுத்துனேன். வேகம் ஏறாதுங்க. சத்தியமாங்க.”

அவள் சொல்வது நிஜம் என்று எனக்கு நூற்றுக்கு நூறு தெரியும், ஆனால் எப்படித் தெரியும் என்று யாராவது கேட்டால் அந்தப் பெண்ணின் முகத்தைத்தான் காட்டணும். முகத்துக்கு ஸ்டிக்கர் கிடையாது. இவளை நம்பினால் அடுத்து வருகிறவனையும் நம்பியாகணும், அவனுக்கும் ஒரு முகம் இருக்கும். “நம்பறேன் கண்ணு. ஆனா இதை ஏத்துக்க முடியாது” என்றேன். சொல்லும்போது குரல் என் குரல் மாதிரி இல்லை, பழைய வசனத்தைச் சேர்க்கவும் வாய் வரவில்லை. கனிஷ்காவுக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்துவிட்டது. பேசுகிற பிள்ளைதான் முதலில் அழும். பூவிழி அழவில்லை, தலையை ஆட்டினாள், எதிர்பார்த்தவள் மாதிரி. ரோபோவின் கையைத் தொட்டுப் பார்த்தாள். “கைக்கு ரெண்டு மோட்டார் இருக்குதுங்களே மேடம். அதுல ஒண்ணைக் கழட்டிச் சக்கரத்துக்குப் போட்டா விடுவீங்களா?” என்றாள். அந்த இரண்டையும் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். புதுசு, திறக்காதது. “விடுவேன். ஆனா ஒத்தை மோட்டார்ல கை தூக்குமா?” என்றேன். “தூக்கும்ங், மெதுவாத் தூக்கும்” என்று சொல்லிக்கொண்டே திருப்புளியை எடுத்துவிட்டாள். கனிஷ்கா மூக்கை உறிஞ்சிக்கொண்டே பல்சக்கரத்தைப் பிடித்துக்கொண்டாள். மாட்டி முடித்ததும் மறுபடி எல்லாவற்றையும் பார்த்துப் பச்சை ஒட்டினேன். கிளம்பும்போது, “நல்லாச் சுத்தியிருக்கறே. காதை மடிச்சதுகூட எனக்குத் தெரியலை” என்றேன். இதுவரை என் மேஜையில் யாரிடமும் சொல்லாத வார்த்தை. பூவிழி ஒரு நிமிஷம் என்னை முறைத்தாள். “அப்புறம் ஏனுங் மேடம்?” என்றாள். பதிலுக்கு அவள் நிற்கவில்லை. ரோபோவைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

அந்த மோட்டார் மேஜையில் கிடக்கிறது. சிவப்பு ஸ்டிக்கரை மூன்று புள்ளிக்குப் பக்கத்தில் ஒட்டினேன், மேலே ஒட்டவில்லை. போட்டி முடிகிற வரை இங்கேயே இருக்கணும், அது விதி. அதை ஓட்டிப் பார்க்கக் கூடாது என்று இங்கே விதி இல்லை. இந்த எண்ணம் எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை, கை பாட்டுக்குப் போய் டெஸ்ட் பேட்டரியை இழுத்தது. சிவப்பு வயர், கறுப்பு வயர். ஒரு கணம் பயந்தேன், என்னவோ என் வயிற்றிலேயே வயரைச் சொருகுகிற மாதிரி. சொருகினேன். ஓடியது. சர்ரென்று இல்லை, உதறல் இல்லை, ஒரே சீரான ம் என்கிற சத்தம், உள்ளங்கையில் வைத்துப் பிடித்திருந்தேன், கை முழுக்க அந்த ம் பரவியது. காதருகே வைத்தேன். புதுசு எப்படி ஓடும் என்று எனக்குத் தெரியும், காலையிலிருந்து அதையேதான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். இது அதே மாதிரி இல்லை. ஒரு பொடி கனமான சத்தம், கொஞ்சம் அடங்கின சத்தம். அதே மாதிரி இல்லை, ஆனால் ஓடுகிறது. நின்றுவிடும் நின்றுவிடும் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். அரங்கின் அந்தப் பக்கம் தட்டானின் கை ஒரு கட்டையைத் தூக்குகிறது, எவ்வளவு மெதுவாக, பார்க்கிறவர்களுக்கே மூச்சு வாங்குகிற மாதிரி, எதிர் அணி அதற்குள் இரண்டு கட்டையை மேடையில் அடுக்கிவிட்டது. கனிஷ்கா கத்துகிறாள். பூவிழி ரிமோட்டைப் பிடித்துக்கொண்டு கல் மாதிரி நிற்கிறாள். என் கையில் மோட்டார் நிற்கவில்லை. பல்லடத்துக்காரரின் கோழிகள் தண்ணீர் குடித்திருக்கும் என்று நினைத்தேன், அத்தனை நாளும் அது இப்படித்தானே ஓடியிருக்கும், நான் எழுத இடமில்லை என்று சொன்னது இதைத்தானே. சொட்டுச் சொட்டாகக் கண்ணீர் மூக்கோரமாக இறங்கியது. யாரும் பார்க்கவில்லை.

ஒலிபெருக்கி எதிர் அணியின் பெயரைச் சொன்னது. கொஞ்ச நேரம் கழித்துப் பூவிழி மட்டும் வந்தாள். “தோத்துட்டோம்ங்” என்றாள், யாரோ மணி கேட்டதற்குச் சொல்கிற மாதிரி. “மேடம், எல்லாம் முடிஞ்சப்புறம் அந்த மோட்டாரைக் குடுப்பீங்களா? அம்மாட்டக் காட்டோணும்” என்றவள், அது என் கையில் ஓடுவதைப் பார்த்து நின்றுவிட்டாள். “எப்ப இருந்துங் ஓடுது?” என்றாள். நீங்க போனதிலிருந்து என்றேன். அவள் முகத்தில் முதல் தடவையாகப் பதற்றம் வந்தது. ஆட்டத்தில் தோற்றதற்கு வராத பதற்றம். “சூடாகுதுங்களா?”

“நீயே தொட்டுப் பாரு.”

வெட்டு விழுந்த விரல்களால் தொட்டாள். தொட்டுக்கொண்டே இருந்தாள். “ஆகலீங்க” என்றாள். அவள் தோள் அப்போதுதான் இறங்கியது. எல்லாம் முடிகிற வரை இங்கேதான் இருக்கணும், அப்புறம் வந்து வாங்கிக்கோ என்றேன். தலையை ஆட்டிவிட்டு, போகும்போது தயங்கி, “நிறுத்தீறாதீங் மேடம், கொஞ்ச நேரம் ஓடட்டும்” என்றாள். கோபம் தீர்ந்துவிட்டதா தெரியவில்லை. தீராவிட்டாலும் அது அவள் உரிமை.

இடது கையில் மோட்டாரைப் பிடித்துக்கொண்டு வலது கையால் ஆஸ்பத்திரிக்குப் போட்டேன். எடுத்த பெண்ணுக்குச் சளிபிடித்த குரல். “வியாழக்கிழமை அட்மிஷன்தானுங்கம்மா? வர்றீங்கதானே? ரெண்டு நாளாக் கூப்பிடறோம். சும்மா சில கேள்விங்க. சுகர் இருக்குதுங்களா?” இல்லை. “பிரஷர்?” கொஞ்சம். “அது என்னங்கம்மா பின்னாடி சத்தம்?” மோட்டார் என்றேன். “இதுக்கு முந்தி ஏதாச்சும் ஆபரேஷன் பண்ணியிருக்கீங்களா?”

“இல்ல கண்ணு” என்றேன். “இதுவரைக்கும் தெறந்ததில்ல.”

அந்தப் பக்கம் அவள் சிரித்துவிட்டாள். “மொதத் தடவைங்களா? பயப்படாதீங்கம்மா” என்றாள்.

“பயமாத்தான் இருக்குது” என்றேன். “வந்துர்றேன்.”